கருப்பியும் மேட்டூர்க்காரிகளும்

ஆனி 3, ஞாயிறு

காற்று. வாசலெல்லாம் புழுதி. கம்பு காயப் போட முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நங்கையா வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறப்போகிறது என்று அவர்கள் ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்து விட்டது அவருடைய கொழுந்தன். அவர்களுக்குச் சர்க்கார் வேறெங்கோ வானம் பார்த்த மேட்டுக்காடு கொடுத்திருக்கிறதாம். வரும் ஞாயிறு வண்டி இந்த வழியாகத்தான் திரும்புமாம். தம்பி வீட்டில் ஒத்துவந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்லிப் போனார்.

வந்த சாமான்: பித்தளை அண்டா, துணி மூட்டை, அம்மிக்குழவி (அம்மியைத் தூக்க முடியாமல் அங்கேயே விட்டாராம்), நான்கு கோழி. சேவலை ஊர் முனியப்பனுக்கு அறுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கோழிகளை அடுப்பைச் சுற்றி மூன்று முறை கொண்டுபோய், காலில் கயிறு போட்டு உரலடியில் கட்டினேன். புதுக்கோழி ஓடிப்போகாமல் இருக்க எல்லாரும் செய்வதுதான். நங்கையாவுக்கு மனை போட்டு உட்காரவைத்தேன். ஒரு வேலையையும் தொடவிடவில்லை. என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனி 4, திங்கள்

காற்று நிற்கவில்லை. ராகி திரித்தேன். எண்ணெய் தீரப்போகிறது.

நம் கோழிகளுக்குப் புதுசுகளைக் கண்டால் ஆகவில்லை. கருப்பிதான் முன்னால் நிற்கிறாள். என் அம்மா வீட்டிலிருந்து குஞ்சாக வந்தவள், இந்த வாசலே தன்னுடையது என்ற நினைப்பு. தீனி போட்டால் மேட்டூர்க்காரிகளை அண்டவிடுவதில்லை. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுவதில்லை. அக்கா இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசை. என்னிடம் கேட்கப் பயம். எனக்கு என்ன ஆசை? தெரியவில்லை. போய்ச் சேர்ந்த மாமியார் நல்லவர்தான், அப்படியும் இந்த அடுப்படி என் கைக்கு வர எத்தனை வருஷம் ஆயிற்று.

ஆனி 5, செவ்வாய்

சிரிப்பெல்லாம் போயிற்று. காட்டிலிருந்து வந்து பார்த்தால் சாம்பல்நிறக் கோழியின் தலையில் ரத்தம். கயிறு உரலைச் சுற்றிச் சுற்றி முடிச்சாகி, அசையக்கூட இடமில்லாமல் கிடக்கிறது. கருப்பியும் இன்னும் இரண்டும் மாறிமாறிக் கொத்துகின்றன. விரட்டிவிட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன்.

நங்கையா எல்லாவற்றையும் மனையில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார். நீங்கள் விரட்டியிருக்கக் கூடாதா என்றேன், கொஞ்சம் கோபமாகத்தான். எதையும் தொட வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்றார். அப்புறம் மெதுவாக,

“கட்டிப் போட்டா அது எப்புடிச் சாமி தப்பிச்சு ஓடும்? ஒதுங்கறதுக்கு எடம் வேணுமல்ல. இதுகள அவுத்து உடு. அந்தக் கருப்பியப் புடிச்சு நாலு நாளைக்குக் கூடையில கவுத்து வையி.”

கருப்பியையா! வெடுக்கென்று உள்ளே போய்விட்டேன்.

ஆனி 6, புதன்

அவிழ்த்துவிட்டேன். கருப்பியைக் கூடையில் கவிழ்த்து மேலே கல் வைத்தேன். நாளெல்லாம் கத்தல். மனசு கேட்கவில்லை, கம்பும் தண்ணீரும் அடிக்கடி வைத்தேன்.

கருப்பி இல்லாமல் மற்றவைகளுக்கு வீறாப்பு இல்லை. கொத்த வருகின்றன, புதுசுகள் வேலிப் பக்கம் ஒதுங்குகின்றன, அதோடு சரி.

நங்கையா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது: “அங்க போனா வெறும் மேட்டுக்காடு. இங்க உக்காந்து திங்கற சோறு. ரெண்டும் ஒடம்புல ஒட்டாது.” நல்ல நெய் விட்டுத்தானே போடுகிறேன் என்று முதலில் ஆத்திரம். பிறகு ஆத்திரம் இல்லை.

ஆனி 8, வெள்ளி

விடிகாலையில் வீட்டுக்குத் தூரம். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பாய். மூன்று நாளைக்கு அடுப்படிப் பக்கம் போக முடியாது. நோட்டையும் தொடக் கூடாதாம். பென்சில்தானே தொடுகிறது.

மற்ற மாதங்களில் வீட்டுக்காரர் ஏதோ கிளறுவார், அதைச் சோறு என்று சாப்பிடுவோம். இந்த முறை நங்கையா. குழம்புத் தாளிப்பு கொட்டகை வரை மணத்தது. என் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எதை எங்கே வைக்கிறாரோ.

எனக்கு நேர் எதிரே கருப்பி, கூடைக்குள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனி 9, சனி

தூறல், புழுதி அடங்க மட்டும். கத்தரிக்காய்க் குழம்பு. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எழுதிவைக்கிறேன், சொல்ல மாட்டேன்.

ஒரு மேட்டூர்க்காரி சாயங்காலம் தானாகவே குடாப்புக் கூண்டுக்குள் நம் கோழிகளோடு அடைந்தாள். மற்ற மூன்றும் பின்னாலேயே.

ஆனி 10, ஞாயிறு

மத்தியானம் வண்டி வந்தது. நங்கையா மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். கொழுந்தன் மாட்டை அவிழ்க்காமலே நின்றார். என் வீட்டுக்காரர் மூட்டையைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், வாய் திறக்கவில்லை. அக்காவும் அப்படித்தான். தம்பியும் அக்காவும் ஒரே மண்ணில் செய்த பொம்மைகள்.

கிட்டே போக முடியாது. கொட்டகையிலிருந்தே சொன்னேன்.

“நங்கையா, மூட்டைய உள்ள வெய்யுங்க. நீங்க போய்ட்டா எனக்குச் சோறு ஆரு போடுவாங்க?”

“அது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானே சாமி.”

“இல்லீங்க. நாளைக்கும் நீங்கதானுங்க.”

அவர் மூட்டையை உள்ளே கொண்டுபோனார். கொழுந்தனுக்கு மோர். வண்டி போய்விட்டது.

ஆனி 11, திங்கள்

தலைக்குக் குளித்தேன். கருப்பியைத் திறந்துவிட்டோம். நேராகப் போய்ச் சாம்பல்நிறத்தை ஒரு கொத்து. சாம்பல்நிறம் திருப்பி ஒன்று கொடுத்தது. கருப்பி உடம்பைச் சிலுப்பிவிட்டுக் குப்பையைக் கிளறப் போய்விட்டாள்.

அடுப்படிக்குப் போனேன். உப்புச்சட்டி அடுப்புக்கு இடது பக்கம் இருந்தது. வலது பக்கம்தான் எப்போதும். எடுத்து இடம் மாற்றக் கை போயிற்று. நங்கையா புளி கரைத்துக்கொண்டே என் கையைப் பார்த்தார்.

ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக்கொண்டு மூடி வைத்தேன், இடது பக்கமே.