கண் ஆஸ்பத்திரியில் மறைத்த சங்கதி

அன்பு மகன் குணசேகரனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சினை மாடும் சுகம், மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற உன் கூட்டாளி ஜஸ்டினிடம் எள்ளுருண்டையோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், முதலில் இதைப் படி.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடி மாற்றலாமென்று கீரனூரில் பஸ் ஏறித் திருச்சி கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்தால் உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண்ணின் அம்மா திலகவதியும் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா, ஒங்க குடும்பத்துல யாருக்காவது கிளாக்கோமா, அதான் கண்ணழுத்த நோய், வந்து பார்வை போயிருக்கா என்று கேட்டது. உன் தாத்தா, என்னைப் பெற்றவர், அதில்தான் இரண்டு கண்ணும் போய்க் கிடந்தார் என்று உனக்குத் தெரியும். இந்தம்மா காதில் விழுந்தால் சம்பந்தம் நின்றுவிடுமே என்று பயந்து, யாருக்கும் இல்லைங்க என்று கூசாமல் சொல்லிவிட்டேன். கண்ணில் பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது, எழுத்தெல்லாம் வாசித்துவிட்டேன். அப்பாடா என்று எழுந்தால் உள்ளே டாக்டரம்மா, நரம்பு கொஞ்சம் சந்தேகமா இருக்கும்மா என்று, லேசர் வெளிச்சத்தில் படம் எடுக்கிற மெஷினில் நாடியை ஊன்றி முகத்தை வைக்கச் சொன்னார்கள். கண்ணைத் தொடவே இல்லை, ஒரு பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. படத்தில் இடது கண் நரம்பு மெலிந்திருந்தது. பார்வை இன்னும் குறையல, இப்பவே தெரிஞ்சது நல்லது, சொட்டு மருந்தை விடாமப் போடுங்க, போன பார்வை திரும்ப வராது என்றார்கள். அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன், சரியான ஏச்சு வாங்கினேன். ஒங்க மகனுக்கும் வரலாம்மா, அவரு என்ன வேலை பாக்குறாரு என்று கேட்டார்கள். டிரெய்லர் ஓட்டுறான் என்றேன், அப்ப அவரையும் உடனே இந்தப் படம் எடுக்கச் சொல்லுங்க என்றார்கள்.

எனக்கு நல்லாத்தானே தெரியுது என்று சொல்லாதே, எனக்கும் நல்லாத்தான் தெரிந்தது. அடுத்த லீவு நாளிலேயே அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் படத்தை எடு. தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் இருக்கிறதென்று கேட்கும் முன்னே நீயே சொல்லிவிடு.

நேற்று திலகவதியம்மா வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒங்கப்பா கல்யாணம் முடியட்டும்டி என்றார், நான் கேட்கவில்லை. அந்தம்மா காபி கொடுத்து, கலந்து பேசிட்டுச் சொல்றோங்க என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. வேண்டாமென்று சொன்னால் என்னைக் கோபித்துக்கொள், தாங்கிக்கொள்வேன். வேறு பெண் பார்த்துவிடலாம் தம்பி, வேறு கண்ணுக்கு நான் எங்கே போவேன்?

நார்த்தாமலை மாரியாத்தா உன் கூடவே இருக்கட்டும். படம் எடுத்ததும் வாட்ஸப்பில் அனுப்பு, அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இப்படிக்கு,
உன் அம்மா செவந்தி