அப்பாவுக்கு வைத்த எலிப் பரீட்சை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா எந்த அளவுக்குச் சுகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. உன் சுகத்தையும் உன் ஆராய்ச்சிக்கூடத்துக் கிழட்டு எலிகளின் சுகத்தையும் எழுது. போன மாதம் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வந்தார், அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு உட்காரவைத்து, என் மகளை எப்போது கூட்டிவரப் போகிறீர்கள் என்று கேட்டார். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அந்த மனிதராவது மறுத்திருக்கலாம், அடுத்த மாதம் கூட்டிவருகிறேன் மாமா என்று சொல்லி வயிறாரச் சாப்பிட்டுப் போனார். மெஷின் இன்னும் ஓடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் அப்பா காதில் போட்டுக்கொள்வதில்லை. பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஒரு ஸ்டாப்பைக்கூட மறந்ததில்லையாம். "வேணும்னா நம்ம பொண்ணு எலிக்கு வைக்கிற பரீட்சைய எனக்கும் வை" என்று அவரே சொன்னார்.

நீ போனில் சொன்னபடியே ஆரம்பித்தேன். இரண்டு பொருளைக் காட்டுவது, பிறகு ஒன்றை எடுத்துவிட்டு அங்கே புதிதாக ஒன்றை வைப்பது, ஞாபகம் உள்ள எலி புதியதைத்தான் அதிக நேரம் முகர்ந்து பார்க்கும், மறந்துபோன எலிக்குப் பழையதும் புதியதுதான். சரிதானே? மேஜைமேல் டார்ச்சையும் பிளாஸ்கையும் வைத்தேன். மறுநாள் பிளாஸ்க் இருந்த இடத்தில் சிவப்பு வாளி. அப்பா வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டார்ச்சையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பழைய டார்ச்சே இவருக்குப் புதிதாகிவிட்டதோ என்று பயந்துபோனேன். கேட்டால், பேட்டரி கசிந்திருக்கிறது, இந்த வீட்டில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லையா என்று என்மேல் எரிந்து விழுகிறார். கசிந்துதான் இருந்தது. எலியை வைத்து மனிதரின் மறதியை அளக்க முடியுமா என்று பார்ப்பதுதான் உன் வேலை என்றாயே, இதையும் எழுதிக்கொள், எலி பேட்டரி மாற்றாது.

சரி, பொருள் வேண்டாம், ஆளை வைத்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் சோபாவில் நானும் உன் சித்தப்பாவும் உட்கார்ந்தோம். அடுத்த நாள் சித்தப்பா இடத்தில், மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்காரி. நல்ல களையான பெண், எலியாக இருந்தால் அவளை விட்டு நகர்ந்திருக்காது. அப்பா அவளை வாங்க என்றார், அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை, அன்றைக்கு அவர் கண் சாப்பாட்டின் மேல் இருந்தது. தையல்காரிக்கே கூச்சமாகிவிட்டது. உங்கள் புதுக் கண்ணாடியைத்தான் பார்க்கிறார் அக்கா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதுவும் நியாயம்தான், அன்றுதான் மாற்றியிருந்தேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் செய்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எலி அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புருஷன் பார்த்தாலும் அதேதானா என்று உங்கள் ஆராய்ச்சியில் யாராவது பார்த்திருக்கிறார்களா? போனில் சொல்லாதே, டிக்கெட் எடு. நீ கூப்பிட்டால் டாக்டரிடம் வருவார். எலி எதையும் கொண்டுவந்துவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, மகராசியாக இரு.

இப்படிக்கு,
பழையவளா புதியவளா என்று நீ வந்து சொல்லவேண்டிய
உன் அம்மா