முகத்துவாரம் வெட்டிய நாள்

10.12.1981, வியாழன் இரவு

மழை விட்டும் வாவி வடியவில்லை. கரையோரத்து எங்கள் வயலில் வேளாண்மையில் நெற்பயிரின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வயற்காரர்கள் எல்லோருமாக முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டப் போனோம். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடும், வேளாண்மை தப்பும். ஆனால், வாவியில் பெருத்த இறாலும் கூடவே ஓடிவிடும். மனைவியின் தம்பி காசிமுக்கு இறால்தான் பிழைப்பு. தடுப்பான் என்று பயந்து அவனிடம் சொல்லவில்லை.

பாதி வெட்டும்போது கரையால் ஓடி வந்தான். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, குழிக்குள் இறங்கி அவனே வெட்டினான்.

"நீ ஏன் தம்பி வெட்டுறாய்?"

"ராத்தாட சீதன வயல் மச்சான். அழுகட்டும் என்டு உட்டுட்டு இருக்க ஏலுமா?"

தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. மண்வெட்டியைக் கழுவித் தந்தான்.

"நேத்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ராவைக்கே வலை போட்டு அள்ளியிருப்பன்."

வந்த கரையாலேயே திரும்பி நடந்தான்.

இரவுச் சோற்றுக்குப் பருப்பு மட்டும்தான். "தம்பி இன்டைக்கு இறால் கொண்டுவரல்லயே" என்றாள் மனைவி.

வேளாண்மை தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.