மோட்டர் எரிந்த காரணம்

கற்பிட்டி

அன்பு மகள் நுஸ்ரா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறேன். நீயும் மருமகனும் பிள்ளைகளும் மெல்பன் குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனமூலை மர்ளியா அடுத்த கிழமை தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாளாம், பிள்ளைகளுக்குத் தைத்த சட்டைகளோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தினமும் போனில் கதைக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சுகமா என்பாய், நான் சுகம் என்பேன், அதோடு முடிந்துவிடும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ வாங்கித் தந்த தூசி உறிஞ்சுகிற வெக்கியூமின் மோட்டர் எரிந்தது உனக்குத் தெரியும். எப்படி எரிந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் மண் மேல் பழியைப் போட்டேன். சோளகக் காற்றுத் தொடங்கினால் இங்கே கட்டிலுக்குள்ளும் மண்தான், ஆனாலும் மண் ஒரு பாவமும் செய்யவில்லை. வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் சத்தமே இல்லை, மகள். அவர் இருந்தபோது ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனோடேயே சண்டை பிடிப்பார், காகத்துக்கு ஏசுவார், மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்குவார். கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை வெளியே போக முடியாது, ரேடியோவைப் போட்டால் இத்தா முடியுமுன்னே பாட்டுக் கேட்கிறாள் என்று தெரு கதைக்கும். வெக்கியூமைப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் கூட்ட ஒன்றுமில்லாத நேரத்திலும் அதை மூலையில் ஓடவிட்டு, நான் கட்டிலில் இருந்து தைப்பேன். பக்கத்து வீட்டு ஸுஹைரா, தனியாக இருந்தும் வீட்டை எப்படித் துப்பரவாக வைத்திருக்கிறா பாருங்கள் என்று ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்து திரிகிறாள். ஒரு நாள் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன், குழாயின் வாய் கட்டில் விரிப்பைக் கவ்விக்கொண்டு அடைபட்டதும் தெரியாது. கருகல் மணத்தில்தான் எழும்பினேன்.

மெசின் திருத்துகிற அன்ரனிப்பிள்ளை புத்தளத்திலிருந்து புது மோட்டர் எடுத்துக்கொண்டு வந்தார். இத்தாவில் அந்நிய ஆண் முன் வரக்கூடாதே, நான் அறையில் திரைக்குப் பின்னால், ஸுஹைரா வந்து ஹோலில் இருந்தாள். அவர் மெசினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ராத்தா, பையில ஒரு பிடி தூசி கூட இல்லையே, சும்மா ஓடி எரிஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு என்று திரையைப் பார்த்துக் கேட்டார். ஸுஹைராதான், இந்த ராத்தா தூசி விழ முந்தியே கூட்டுற ஆள், அதான் என்று என்னைக் காப்பாற்றினாள். பிறகு மீன் விலை கதைத்துக்கொண்டே அவர் எரிந்த மோட்டரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். ஒரு ஸ்க்ரூ விழுந்து அலுமாரிக்கடியில் உருண்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள், ஆளுக்கு ஆள் கதை. அது கிடைக்கவே கூடாது என்று நான் திரைக்குப் பின்னால் இருந்து துஆ கேட்டேன், மகள், அப்படி ஆகிவிட்டேன். ஸ்க்ரூ கிடைத்துவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு, இனி வேல முடிஞ்ச உடன நிப்பாட்டிப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெசின் இப்போது நன்றாக ஓடுகிறது, புதிது அனுப்புகிறேன் என்று நிற்காதே. நான் கேட்பது வேறு. நீ அங்கே இராச்சாப்பாடு ஆக்கும்போது இங்கே பகல் லுஹர் தொழுது முடிந்திருக்கும். அந்த நேரம் எனக்கு ஒரு கோல் எடுத்து, போனைக் குசினியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். என்னோடு கதைக்க வேண்டாம். சட்டி கழுவு, பிள்ளைகளுக்கு ஏசு, வேண்டுமானால் மருமகனோடு சண்டையும் பிடி, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான். இதற்காக அழுதுகொண்டு டிக்கட் எடுக்க ஓடாதே, சின்னவனின் சளியை முதலில் பார், ஐஸ்கிறீம் கொடுக்காதே.

அல்லாஹ் உன் வீட்டை என்றைக்கும் பிள்ளைகளின் இரைச்சலோடு வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, போனை நிறுத்துமுன் ஸலாம் சொல்லிவிட்டு நிறுத்து. சொல்லாமல் நிறுத்தினால், எல்லாரும் சும்மா இருக்கிறீர்களாக்கும் என்று நான் காதில் வைத்தபடியே இருந்துவிடுவேன்.

உன் உம்மா,
கமீலா