இரண்டாவது ராமன்

செவ்வாய், ஈப்போ.

தோட்டத்தில் வேலை பார்த்துக் குடியிருந்தவர்களுக்கு வீடு கொடுக்கும் பட்டியலை இன்று காலை மண்டபத்தில் ஒட்டினார்கள். அதைத் தயாரித்த நிரல் என்னுடையது. ஒரே ஆள் இரண்டு முறை வராமலிருக்க 'செட்' என்ற நிரல்பகுதியை எழுதியிருந்தேன்; ஏற்கெனவே உள்ள ஆள் மறுபடி வந்தால் அது சேர்க்காது. விண்ணப்பதாரர்களின் விவரங்களை மட்டுமே அது ஏற்கும். பழைய தாள்களில் பலருக்கு ஐசி என்கிற அடையாள அட்டை எண் இல்லை. அதனால் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம் அந்தத் தோட்டத்துச் சரசு அக்கா போன் செய்தார். "தம்பி, மாமனாரு பேரு இருக்கு, என் மகன் பேரக் காணோம்லா. ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே விண்ணப்பப் பாரம் போட்டாங்க?"

மாமனார் ராமன், அவருடைய தகப்பன் முனியாண்டி. மகனும் ராமன், அவனுடைய தகப்பனும், அதாவது அக்காவின் கணவரும், முனியாண்டி. எங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். செட் இரண்டாவது ராமனைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருக்கிறது.

"தப்பு என்னோடதுக்கா. நாளைக்கு ஆபீசுக்கு வாரேன், நானே பேசுறேன்."

"ஒட்டுனத மாத்துவாங்களா தம்பி?"

தெரியவில்லை. இப்போது பிறந்த தேதியையும் ஒப்பிடும்படி திருத்திவிட்டேன். ஒரே வரிதான்.

நிரலைச் சோதித்தபோது ஏதேதோ கற்பனைப் பெயர்களைப் போட்டேன். என் வீட்டுப் பெயர்களைப் போட்டிருந்தால் இந்தத் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தாத்தா பெயர்தான்.