சுனைநாட்டுக் கரைப்பணியை நிறுத்திய ஓலை

நாரைக்கொடியின் நிழலில் பன்னிரு நாடும் தழைக்க. ஆறுகள் தம் வழி மறவாதொழிக. அவையில் அறம் நிலைபெறுக.

வெண்ணிலைப் பேரரசை ஆளும் அரசியார், மலையும் கடலும் எல்லையாகக் கொண்ட ஆதிரைப் பெருந்தேவியாரின் திருவாணையால், ஓலைநாயகம் தாயன் வெண்ணாகன் எழுதும் ஓலை. சுனைநாட்டுப் பள்ளத்தாக்கில் பாளையம் இறங்கியிருக்கும் கரைப்பணித் தலைவர், வில்லாண்மையிற் சிறந்த உதியன் மல்லனார் காண்க. உம் ஆட்கள் நோயின்றி இருப்பாராக. உம் யானைகள் நலமாயிருப்பனவாக. உமக்கு இடம் தந்த அந்நாட்டு மக்கள் இந்நேரமும் தத்தம் வீடுகளிலேயே இருப்பாராக.

பள்ளத்தாக்கின் வாயை அடைத்துப் பேரேரி கட்டவும், நீர் ஏறும் ஏழு ஊர்களை வெறுமையாக்கவும் ஆணையிட்டு முன்னர் உமக்கு ஓர் ஓலை வந்தது. அது பொய்யன்று. பேரவை கூடிக் கையுயர்த்தி முடிவுசெய்ததையே அதில் எழுதினேன். இப்போது அதே கையால் அந்தப் பணியை நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன். ஏன் என்று நீர் கேட்பீர், கேட்பது முறையே. ஆகலின் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அவைமுதல்வர் எயினன் காரியாரை நீர் அறிவீர். அவர் இளைஞராய் அவைக்கு வந்த காலத்தில் பேசுவோர்க்கு அளவென்று ஒன்றும் இருந்ததில்லை. சமவெளி வேளிர் எழுந்தால் நாட்கணக்கில் பேசுவார்கள். கழிநாட்டிலிருந்து படகேறி வந்த எளிய உறுப்பினர்கள் கட்டிவந்த அவலும் தீர்ந்து, வாய் திறவாமலே ஊர் திரும்புவார்கள். அவர்கள் போனபின் வேளிர் வேண்டியபடி முடிவெடுப்பார்கள். இந்தக் கொடுமையை ஒழித்தவர் காரியார். அடியில் துளையிட்ட செப்பு வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும்வரையே ஒருவர் பேசலாம் என்று விதி செய்தார். செல்வர்கள் வறியோரின் வட்டிலை விலைக்கு வாங்கத் தொடங்கியபோது, ஒருவர் பொழுதை மற்றவர்க்குக் கொடுக்கலாகாது என்று இன்னொரு விதி செய்தார். முடிந்த வழக்கை அவ்வாண்டில் மீண்டும் எடுக்கலாகாது என்பதும் அவர் செய்ததே. இவ்விதிகளைத் தாம் பெற்ற மக்களைப் போல அவர் எண்ணியிருந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஏரி வழக்கு வந்த அன்று, அதைக் கொணர்ந்த மேல்கரை நாட்டு வேள் அரட்டன் சேந்தனார் முதலில் பேசினார். மேல்கரையில் தொடர்ந்து மழை பொய்த்துக் கிணறுகள் சேறாகிவிட்டன என்றார். போன கோடையில் தம் ஊரில் தொட்டில்கள் வெறுமையான கதையைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். அவையில் பலர் முகத்தைத் திருப்பிக் கண் துடைத்தனர். ஏரி வேண்டும் என்பதில் அவருக்குத் தன்னலம் இல்லை.

பிறகு சுனைநாட்டு உறுப்பினர் வில்லி ஆதன் எழுந்தார். தோள் அகன்ற ஆள். ஏழு ஊரும் ஒரு முகமாய் நம்பி அனுப்பியவர். முந்தைய கூட்டங்களில் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தவர். ஏன் பேசவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு நா திக்கும்.

பேசுவோர் எவராயினும் அரசியாரையும், பன்னிரு நாட்டையும் தனித்தனியே பெயர் சொல்லி, அவைமுதல்வரையும் வாழ்த்திய பின்னரே பொருளுக்கு வருவது மரபு. மற்றவர்க்கு அது ஒரு மூச்சு. ஆதனுக்கோ ஒவ்வொரு பெயரும் ஒரு மலை ஏற்றம். அரசியாரின் பெயரில் அவர் உதடு நடுங்கிற்று. கழிநாடு என்ற சொல்லில் நா ஒட்டிக்கொண்டு நின்றேபோயிற்று. பின்வரிசையில் இளையோர் சிலர் சிரித்தனர். காரியார் அவர்களை ஒரு பார்வையால் அடக்கினார். ஆனால் வட்டிலை அடக்க எவரால் ஆகும்? நாடுகளின் பெயர் முடியுமுன்பே அது மூழ்கியது. மணி ஒலித்தது. ஆதன் உட்காரவில்லை. வாய் திறந்தபடி நின்றார்.

கழிநாட்டு உறுப்பினர் கோதையார் எழுந்து, தாம் இன்னும் பேசவில்லையென்றும், தம் வட்டிலை ஆதனுக்குத் தர அவை இசைய வேண்டுமென்றும் கேட்டார். உடனே ஒருவர் எழுந்து விதியைக் காட்டினார். வேறொருவர் விதியின் கருத்தைக் காட்டினார். விதியா கருத்தா, எது பெரிது என்று மூன்றாமவர் தொடங்கினார். ஒரு மனிதனுக்கு இன்னொரு வட்டில் தரலாமா என்று வாதிட்டு, அவை அன்றைய பகல் முழுவதையும் வட்டில் வட்டிலாகச் செலவழித்தது. அத்தனை நேரமும் ஆதன் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் எல்லாக் கண்களும் காரியார்மேல் விழுந்தன. அவர் நெஞ்சில் அப்போது ஓடியதை எனக்குப் பின்னர் சொன்னார். இந்த நல்லவனுக்காக இன்று கதவைத் திறந்தால், நாளை எந்தச் செல்வன் என்ன நோயைச் சொல்லிக்கொண்டு அதே கதவில் நுழைவான் என்று அஞ்சினாராம். விதி அனைவர்க்கும் ஒன்றே என்று தீர்ப்புரைத்தார். கைகள் எண்ணப்பட்டன. சிறு வேறுபாட்டில் ஏரி வென்றது. உமக்குரிய ஓலையோடு குதிரை அப்போதே புறப்பட்டது.

அவை கலைந்தது. ஆதன் மட்டும் தம் இடத்திலேயே நின்றார். காரியார் இருக்கையை விட்டு இறங்கி அருகே சென்று, "உட்காரும் தம்பி. இப்போது வட்டில் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லும்" என்றார். ஆதன் சொன்னதை அவருடைய மலைப்பேச்சிலேயே எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் அவர் பட்ட பாட்டை எழுத்தில் காட்ட என்னால் ஆகாது.

"நாங்க ச... சண்டைக்கு வரலீங்க ஐயா. மேல்கரைப் பிள்ளைங்க சாகுதுன்னு எங்களுக்கும் தெரியும். ஏழு ஊரும் கூடிப் பேசினோம். எங்க சுனைத் தண்ணியில பாதிய வாய்க்கால் வெட்டி நாங்களே விடுறோம். வெட்டுற கூலியும் வேண்டாம். ஊர மட்டும் விட்டுருங்க. இதச் சொல்லத்தான் என்னைய அனுப்பினாங்க."

ஆதன் ஏரியை மறுக்க வந்தவர் என்று அவை முழுவதும் எண்ணியிருந்தது. கொடுக்க வந்தவரையல்லவா மணியடித்து நிறுத்தினோம்?

"இதை நானே அவையில் சொல்லட்டுமா?" என்று கேட்டார் காரியார்.

ஆதன் தலையசைத்து மறுத்தார். "வேண்டாங்க. நீங்க சொன்னா அது உங்க வாக்கு. த... தண்ணி எங்களுது. நாங்கதான் சொல்லணும்."

காரியார் அங்கிருந்து நேரே அரட்டன் சேந்தனார் தங்கியிருந்த மாளிகைக்குச் சென்றார். வேள் அவர் சொன்ன அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதை அவையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தானே எழுந்து நின்றார், வேளே!"

சேந்தனார், "ஏரி என்றால் கண்ணால் பார்க்கலாம். வாக்கை எங்கே போய்ப் பார்ப்பது? இன்று தருகிறோம் என்பார்கள், நாளை வாய்க்காலை மூடுவார்கள். இனியும் நம்பிக்கையில் பிள்ளைகளைப் புதைக்க என்னால் ஆகாது, முதல்வரே" என்றார்.

மறுநாட் காலை அரசியாரிடம் போய், ஓலையைத் திரும்ப அழைக்க வேண்டினார். அரசியார் கலங்கினார், ஆயினும் இசையவில்லை. அவை முடிவைத் தொடேன் என்று முடிசூடிய அன்று தாம் சூளுரைத்ததை நினைவூட்டினார். "நல்லதற்காக இன்று நான் மீறினால், எதற்காகவெல்லாம் மீறலாம் என்று என் மகன் கற்றுக்கொள்வான்" என்றார். காரியார் வெளியே வந்தார். தாம் எழுப்பிய மதிலுக்குள் தாமே நிற்பதாக என்னிடம் சொன்னார்.

ஆனால் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அவைமுதல்வர் தம் இருக்கையைத் துறக்கும் நாளில், எந்த உறுப்பினரையும் ஒரு கேள்வி கேட்கலாம். விடை முடியும்வரை அவை கலையலாகாது. விடைக்கு வட்டிலும் இல்லை. தம்மேல் பழி சொன்னவரைக் கேட்டுத் தெளிந்து போகட்டும் என்று முன்னோர் வைத்தது அது. அப்படித் துறந்தவர் மீண்டும் அவ்விருக்கையில் ஏறவே முடியாது. தாம் அன்றே இருக்கையைத் துறக்கப்போவதாகக் காரியார் எனக்குச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவருக்கு மனைவியும் மக்களும் இல்லை. அந்த இருக்கைதான் அவர் வீடு.

அன்று அவை கூடியதும் அவர் முத்திரைக் கோலைக் கீழே வைத்தார். சலசலப்பு எழுந்தது. அவர் படியிறங்கி, வெறுந்தரையில் நின்று, "சுனைநாட்டு ஆதனாரே, உம் ஊரார் உம்மிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள்?" என்று கேட்டார்.

ஆதன் விடை சொன்னார். அரசியார் பெயரும் இல்லை, நாடுகளின் பெயரும் இல்லை. நேரே தண்ணீரைப் பற்றியே தொடங்கினார். சொல் தடுக்கும்போதெல்லாம் அவை நெளிந்தது. பொறுக்கமாட்டாமல் ஒருவர் அவர் சொல்லைத் தாமே முடித்துவைக்கப் பார்த்தார். காரியார் கையுயர்த்தித் தடுத்தார். வெயில் தூண்களைக் கடந்து நடுக்கூடத்துக்கு வந்தபின்னும் ஆதன் பேசிக்கொண்டிருந்தார். இப்போது எவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் அரட்டன் சேந்தனார் எழுந்தார். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் சுனை கோடையில் வற்றுமா?"

வற்றாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆதன் தரையைப் பார்த்தார். "போன கோடையில கு... குறைஞ்சுது. வத்தல. இனிமே எப்படின்னு எனக்குத் தெரியாது."

சேந்தனார் அவைக்குச் சொன்னார்: "முடிவை மாற்ற விதி இடம் தராது; ஆனால் பணி தொடங்கும் நாளைக் குறிப்பது வழக்கைக் கொணர்ந்தவரின் உரிமை. வரும் கோடை முடியும்வரை அந்நாளைத் தள்ளி வைக்கிறேன். அதற்குள் வாய்க்கால் வெட்டப்படட்டும். கோடை முழுதும் சுனையருகே தங்கி என் கண்ணால் பார்ப்பேன். நீர் வந்தால் அடுத்த ஆண்டு இவ்வழக்கை நானே திரும்பப் பெறுவேன். வராவிட்டால் ஏரி எழும்."

வென்றோம் என்று எவரும் மகிழவில்லை. ஆதன் ஒரு கோடையை மட்டுமே ஊருக்குக் கொண்டுபோகிறார். காரியார் கடைவரிசையில் இடம் தேடி அமர்ந்தார். புதிய முதல்வர், அந்தப் பழைய வழக்கத்தை நீக்க விதி கொணரப்போவதாக முதல் நாளே அறிவித்தார். இவையெல்லாவற்றிலும் பெரிய கவலை, முந்தைய ஓலை இதற்கு முன்பே உம் கையை அடைந்திருக்கும் என்பதே.

ஆதலால் அரசியார் ஆணை இது. இவ்வோலை கண்ட இடத்திலேயே பணியை நிறுத்துக. வெளியேற்றப்பட்டோர் இருந்தால் உம் ஆட்களே சுமை தூக்கி அவர்களைத் திரும்பக் குடியமர்த்துக. இடித்த வீடு இருந்தால், எத்தனை என்பதையும் யாருடையது என்பதையும் மறைக்காமல் எழுதுக. அவ்விடையை அரசியார் அவை நடுவே நின்று தாமே படிப்பார். வாய்க்கால் வெட்ட உம் யானைகளைத் தருக. ஆதனாரோடு காரியாரும் மேல்கரை வேளும் வருகிறார்கள். காரியார்க்குப் பதவி இல்லை. முரசு வேண்டாம், நிழலும் உணவும் கொடுத்து மதிக்க.

ஏன் நிறுத்தினீர் என்று ஊரார் கேட்டால், பேரவை இரக்கம் காட்டியது என்று சொல்லாதீர். கேளாமல் முடிவெடுத்தோம், கேட்டபின் நாணினோம் என்று சொல்லும்.

இவ்வோலைக்கு நாரை முத்திரை இடப்பட்டது. பிறழ்வோர் அரசியார் முன் நிற்பர். அறம் வழுவாதிருக்க. இதைப் படிக்கும் வேளையில் எங்கேனும் ஒரு கோடரி ஓங்கப்பட்டிருந்தால், மல்லனாரே, அது இறங்காதபடி தடுக்க.