சாமைச் சோற்றுக்குப் பிறகு கேட்ட கேள்வி

பிப்ரவரி 6, திங்கள்
காலையில் கடும் பனி. விரல் விறைத்துப் பேனா நிற்கவில்லை. மலைக்குக் கீழே உள்ள ஆபீசிலிருந்து கடிதம். 'நெல்லிவாசல்நாட்டு மக்களின் வாழ்க்கையும் குணமும்', இரண்டு பக்கம், உடனே. கூடவே ஒரு கேள்வி: சமவெளியில் நிலம் கொடுத்தால் மலையை விட்டு இறங்குவார்களா? சம்மதம் என்றால் இவர்கள் உழும் சரிவெல்லாம் வனத்துறைக்கு.
கிராம சேவக் வேலைக்கு வந்து ஐந்து மாதம். இவர்கள் குணம் எனக்கென்ன தெரியும்?
வாங்க: சோப்பு, மை, தலைவலித் தைலம்.

பிப். 7, செவ்வாய்
ஒன்பது வீடு. ஒன்பதிலும் சாமைச் சோறு, காராமணிக் குழம்பு. சாப்பிடாமல் விடவில்லை. வயிறு கல். ஒவ்வொரு வீட்டிலும் கை கழுவிவிட்டுக் கேட்டேன்.
"ஆவட்டும் சார்" என்றார் ஊர்க்கவுண்டர். மற்றவர்களும் அதையே. இவ்வளவு சுலபமா?
எழுதினேன்: 'எளியவர்கள். சொன்னதைக் கேட்பவர்கள். அனைவரும் சம்மதம்.' மாலையே தபால்காரரிடம் கொடுத்தாயிற்று.

பிப். 8, புதன்
எல்லோரும் சரிவில் புதர் வெட்டுகிறார்கள், அடுத்த சாமைக்காம். போகப்போகிறவர்களுக்கு எதற்கு? ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த வெள்ளச்சியிடம் கேட்டேன். நேற்று அவள் வீட்டிலும் சாப்பிட்டேன்.
"எறங்கறதா? யாரு?"
"நீங்கதாம்மா. ஆவட்டும்னு சொன்னீங்களே."
"துன்னுட்டு இல்ல கேட்டீங்க! வூட்ல கை நனைச்சவங்க மூஞ்சியில மாட்டேன்னு சொல்லுவாங்களா? இன்னா சார் நீங்க, துன்றதுக்கு முன்னால கேக்கணும்."
கேலியா, நிஜமா? கவுண்டரிடம் ஓடினேன். "அதான் மொறை சார். உங்களுக்குத் தெரியும்னு இருந்தோம்."
பயமாக இருக்கிறது. என் ஒரு வரியால் ஒரு ஊரே போய்விடும்.

பிப். 9, வியாழன்
வெறும் வயிற்றோடு மறுபடி ஒன்பது வீடு. தண்ணீர்கூட வாங்கவில்லை. "மாட்டோம்." "மாட்டோம்." வெள்ளச்சி: "செத்தாலும் மாட்டோம், எழுதிக்குங்க."
எழுதிக்கொண்டேன். 'குணம்' என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. காலியாக விட்டேன்.

பிப். 10, வெள்ளி
விடியலில் நடந்து இறங்கினேன். வழியில் செருப்பு வார் அறுந்தது. ஆபீஸ் சேர மதியம்.
அதிகாரி நல்ல மனிதர். "மூஞ்சி வாடிப்போய் கெடக்கு, மொதல்ல சாப்பிடுங்க" என்று தன் கேரியரையே பிரித்தார். சாம்பார், அப்பளம், கெட்டித் தயிர். நல்ல பசி. சாப்பிட்டேன்.
கை கழுவி வந்தால் மேசைமேல் என் பழைய தாள்.
"அருமையா எழுதியிருக்கீங்க. இப்படியே மேல அனுப்பிடலாமில்ல?"
புதுத் தாள் சட்டைப்பையில்.
"ஆவட்டும் சார்" என்றேன்.